மகரக்கட்டைத் தாண்டிய குரல்: பில் கௌலிட்ஸ் பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

2005 இலையுதிர் காலத்தில் மேற்படிப்புக்காக ஜெர்மனியில் மக்டெபுர்க் நகரத்துக்குப் போனேன். இரண்டு அரைக்கோளங்களைக் குதிரைகள் பூட்டி இழுத்தும் பிரிக்க முடியவில்லை என்று அறிவியல் புத்தகத்தில் ஒரு படம் வருமே, அந்த மக்டெபுர்க்தான். நான் போய் இறங்கிய நேரம் கடை, பேருந்து, பக்கத்து அறை எங்கும் ஒரே பாட்டு. பாடியவனுக்கு அப்போதுதான் பதினாறு முடிந்திருந்தது. அந்த ஊர்ப் பக்கம் வளர்ந்த பையன் வேறு. இப்போது நான் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் அவனைப் பற்றி ஒரு வரி சொல்லப்போக, இத்தனை கேள்விகள் வந்துவிட்டன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

அக்கா, இந்தப் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். யார் இவர்?

பில் கௌலிட்ஸ். 'டோக்கியோ ஹோட்டல்' என்ற பாப்-ராக் குழுவின் பாடகர். 1989 செப்டம்பர் 1 அன்று லைப்ஸிக்கில் பிறந்தார். அது அப்போது கிழக்கு ஜெர்மனி. பெர்லின் சுவர் திறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. கிதார் வாசிக்கும் டோம் இவருடைய இரட்டைச் சகோதரர், பத்து நிமிடம் மூத்தவர். பேஸ் கிதாருக்கு கேயோர்க் லிஸ்டிங், டிரம்ஸுக்கு குஸ்டாஃப் ஷேஃபர். நால்வரும் 2001-இல் சேர்ந்தார்கள். இன்றுவரை ஆள் மாறவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஏதோ டிவி போட்டியில் ஜெயித்து வந்தவர் என்று படித்தேனே?

ஜெயிக்கவில்லை, தோற்றார். 2003-இல் சாட் 1 தொலைக்காட்சியின் 'ஸ்டார் சர்ச்' போட்டியில் சிறுவர் பிரிவில் பாடினார். வயது 13. அங்கே வெளியேற்றப்பட்டார். ஆனால் அதற்கு முன்பே அண்ணன் தம்பி இருவரும் மக்டெபுர்க்கைச் சுற்றிச் சின்னச் சின்ன மேடைகளில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள். அம்மாவின் துணைவர் ஒரு ராக் கிதார் கலைஞர், வீட்டிலேயே பாடம். அப்போது குழுவின் பெயர் 'டெவிலிஷ்'. க்ரோனிங்கர் பாட் என்ற உள்ளூர் அரங்கில் இவர்கள் வாசித்ததைத் தயாரிப்பாளர் பேட்டர் ஹோஃப்மன் பார்த்துக் கையோடு பிடித்துக்கொண்டார்.

அப்புறமும் நேராகப் போகவில்லை. சோனி பிஎம்ஜி ஒப்பந்தம் போட்டது. முதல் ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே கைவிட்டது. 2005-இல் யூனிவர்சல் எடுத்துக்கொண்டது. அந்த ஆகஸ்டில் முதல் பாட்டு வெளிவந்து, மாதம் முடிவதற்குள் ஜெர்மன் தரவரிசையில் முதலிடம். விட்டவர்கள் தலையில் கைவைத்திருப்பார்கள்.

அந்த முதல் பாட்டின் பெயரில் 'மொன்சூன்' என்று வருகிறதாமே? நம்ம மான்சூனா?

அதேதான். 'டுர்ஷ் டென் மொன்சூன்', அதாவது 'பருவமழையின் ஊடாக'. மக்டெபுர்க்கில் பருவமழையே கிடையாது. வருடம் முழுக்க அவ்வப்போது தூறும், அவ்வளவுதான். முதன்முதலில் இந்தத் தலைப்பின் பொருள் புரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நமக்கு ஐப்பசி மழை என்றால் குடையும் பஜ்ஜியும். அவர்களுக்கு அது தொலைதூரத்துப் பேரிடர். அதைத் தாண்டித்தான் ஒருத்தியிடம் போய்ச் சேர வேண்டும் என்று பாடுகிறான். தென்மேற்கா வடகிழக்கா என்று அந்தப் பையனிடம் கேட்க ஆசை.

ஜெர்மன் மொழியில் ராக் பாடுவது அப்போது புதிதா?

இல்லை. எண்பதுகளில் நேனா இருந்தார். பில்லுக்குச் சிறுவயதிலிருந்தே அவர்மேல் பெரிய பிரியம். 2004-ஐ ஒட்டி யூலி, சில்பர்மோண்ட், விர் சின்ட் ஹெல்டன் என்று தாய்மொழியில் பாடும் குழுக்கள் வரிசையாக வந்தன. இதில் யூலி குழுவின் பெரிய வெற்றிப் பாட்டின் தலைப்புக்கு 'கச்சிதமான அலை' என்று பொருள். டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அங்குள்ள வானொலிகள் அந்தப் பாட்டை நிறுத்திவிட்டன. நம் கரையில் நடந்தது அங்கே ஒரு பாட்டைக்கூட வாயடைத்துவிட்டது. சரி, கேள்விக்கு வருகிறேன்: பாதை ஏற்கெனவே போட்டிருந்தது. அதில் மற்றவர்கள் வயதில் பெரியவர்கள், இவர்கள் பள்ளிப் பிள்ளைகள். அதுதான் வித்தியாசம்.

உண்மையைச் சொல்லுங்கள் மேடம், பின்னால் நான்கு தயாரிப்பாளர்கள் எழுதிக் கொடுத்ததை முன்னால் நின்று பாடிய பொம்மைகள்தானே?

இதை ஜெர்மனியிலும் நிறையப் பேர் சொன்னார்கள். என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் சொன்னது இதுதான். பாதி உண்மை. முதல் பாட்டில் ஆசிரியர்களாகப் பில்லின் பெயரோடு ஹோஃப்மன், டேவிட் யோஸ்ட், பட் பென்ஸ்னர், டேவ் ரோத் என்று நான்கு பெயர்கள் இருக்கின்றன. ஒலிப்பதிவு, இசைக்கோர்ப்பு, இடைவிடாமல் 'ப்ராவோ' என்ற பதின்ம வயதினர் இதழின் அட்டை, எல்லாம் பெரியவர்கள் கணக்குப் போட்டுச் செய்தவை.

ஆனால் தயாரிக்கப்பட்ட குழு என்றால் ஆளெடுப்பு நடத்திச் சேர்ப்பார்கள். இவர்கள் நிறுவனம் வருவதற்கு முன்பே கூட்டாளிகள். அந்தக் கண் மையும் சிலிர்த்து நின்ற தலைமுடியும்கூட எந்த ஒப்பனைக்காரரும் கொடுத்தவை அல்ல. போட்டிக்கு வந்த 13 வயதிலேயே அப்படித்தான் வந்தான். பள்ளிக்கூடத்துக்கு அந்த மையோடு போய் அடியும் ஏச்சும் வாங்கிய பையன். நிறுவனம் அதை விற்றது, அவ்வளவே.

அக்கா, தலைப்பில் மகரக்கட்டு என்று போட்டிருக்கிறீர்களே, அது எங்கே வருகிறது?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

சிறுவர்களே எல்லா வேஷமும் கட்டிய நம் பழைய பாய்ஸ் கம்பெனி நாடகங்களைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பத்து வயதில் கணீரென்று பாடி அசத்திய பையனுக்கு மகரக்கட்டு வந்தால், அதாவது பருவ வயதில் குரல் உடைந்தால், பாத்திரம் போய்விடும். ராஜா வேஷம் கட்டியவன் திரைச்சீலை இழுக்கப் போவான். குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு தடித்து, சுருதி ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். நடுவில் சில மாதங்கள் எந்த ஸ்வரம் எங்கே நிற்கும் என்று பாடுபவனுக்கே தெரியாது.

பில்லுக்கு இது நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது நடந்தது. 2005 செப்டம்பரில் வெளிவந்த 'ஷ்ரை' ஆல்பத்தில் நீங்கள் கேட்பது ஏறக்குறைய சிறுவன் குரல். அடுத்த வசந்தத்துக்குள் அந்தக் குரல் இல்லை. மேடையில் ஒரு குரல், குறுந்தகட்டில் வேறு குரல். வேறு யாராவது இருந்தால் மறைக்கப் பார்த்திருப்பார்கள், அல்லது அடுத்த சின்னப் பையனைத் தேடிப் போயிருப்பார்கள். இவர்கள் 2006 மார்ச்சில் அதே ஆல்பத்தைச் சில பாடல்களைப் புதுக் குரலில் பாடிப் பதிந்து மறுபடி வெளியிட்டார்கள். 'ரெட்டே மிஷ்' என்ற பாட்டு தனியாக வந்தபோது புதுக் குரலில்தான் வந்தது, முதலிடத்துக்கும் போனது.

எனக்கு இது வியாபாரத் தந்திரமாகவும் தெரிகிறது, நேர்மையாகவும் தெரிகிறது. ஒரே சரக்கை இரண்டு முறை விற்றார்கள் என்பதும் நிஜம். 'என் குரல் மாறிவிட்டது, இதோ கேளுங்கள்' என்று ஒரு பதினாறு வயதுப் பையன் நின்றதும் நிஜம். முன்னால் நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இங்கே: அவன் தனியாளாக விற்கப்பட்டிருந்தால் அந்தச் சிறுவன் குரலோடு கதை முடிந்திருக்கும் என்பது என் எண்ணம். கூட மூன்று பேர் இருந்ததால் குழுவின் ஒலி அப்படியே நின்றது, நடுவில் குரல் மட்டும் வளர்ந்தது.

என் மகளுக்கு 14 வயது, போட்டிகளில் பாடுகிறாள். ஜெர்மனியில் இந்த வயதில் இரவெல்லாம் கச்சேரி பண்ண விடுவார்களா? படிப்பு?

விட மாட்டார்கள் அம்மா. இளைஞர் உழைப்புப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 15 வயதுக்குக் கீழ் இருந்தால் மேடை ஏற அதிகாரிகளின் அனுமதி வேண்டும். இசை நிகழ்ச்சி என்றால் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரம், இரவு 10 மணிக்குள். 15 முதல் 17 வரை இரவு 11 மணி. கட்டாயப் பள்ளிப்படிப்பு முடியாதவர்களை 15 ஆனாலும் குழந்தை கணக்கில்தான் வைப்பார்கள். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் ஒப்பந்தம் செல்லாது. அதனால் கச்சேரிகள் சீக்கிரமே தொடங்கிச் சீக்கிரமே முடியும். ரசிகைகளுக்கும் அந்த வயதுதான் என்பதால் யாருக்கும் குறையில்லை.

படிப்பைப் பொறுத்தவரை, இரட்டையர்கள் பள்ளியிலிருந்து விடுப்பு எடுத்து, பிறகு இணையவழிப் பள்ளியில் படித்துப் பத்தாம் வகுப்புக்குச் சமமான சான்றிதழ் வாங்கினார்கள். நம் ஊர் ரியாலிட்டி மேடைகளில் நள்ளிரவு தாண்டியும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த 10 மணிக் கணக்கு நினைவுக்கு வரும்.

பிரான்ஸில் ஜெர்மன் பாட்டு ஓடியதாமே, நம்பவே முடியவில்லை.

அவர்களும் நம்பவில்லை. பள்ளியில் ஜெர்மன் என்றால் கசப்புக் கஷாயம் என்றிருந்த ஊரில், பில் என்ன பாடுகிறான் என்று புரிவதற்காகவே பெண் பிள்ளைகள் ஜெர்மன் வகுப்பில் சேர்கிறார்கள் என்று 2007 வாக்கில் செய்தி வந்தது. ஜெர்மன் மொழியைப் பரப்பும் கோதே நிறுவனத்துக்குக் கொண்டாட்டம். அரசாங்கங்கள் நட்பு ஒப்பந்தம் போட்டுச் செய்யாததை ஒரு கண் மை செய்தது. மொழி ஆசிரியையாகச் சொல்கிறேன், பொறாமையாக இருக்கிறது.

குரல் போய் அறுவை சிகிச்சை என்று ஒரு கதை உண்டே?

2008 மார்ச். ஐரோப்பா முழுக்க நாற்பதுக்கும் மேற்பட்ட கச்சேரிகள் கொண்ட பயணம், தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மார்சேயில் குரல் இழுத்தது; சில பாடல்களைக் குறைத்துக்கொண்டார்கள், பல இடங்களில் கூட்டம்தான் பாடியது. இரண்டு நாள் கழித்து லிஸ்பனில் அரங்கம் நிறைந்து காத்திருக்க, தொடங்கும் நேரத்தில் ரத்து. அடுத்து வரவிருந்த வட அமெரிக்கப் பயணமும் போயிற்று. குரல் நாணில் நீர்க்கட்டி. மாதக் கடைசியில் அறுவை செய்து எடுத்தார்கள். பத்து நாளுக்கு மேல் ஒரு சொல் பேசக் கூடாது, பிறகு வாரக்கணக்கில் குரல் பயிற்சி. மே மாதம் மேடைக்குத் திரும்பினார்.

சாதகம் செய்பவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: மகரக்கட்டு முடிந்த கையோடு இரண்டு, மூன்று வருடம் குரலை அடித்துப் பாடக் கூடாது. அந்த வருடங்களில்தான் இவர் இடைவிடாமல் பாடினார். கட்டிக்கு அது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 18 வயதுக் குரலுக்கு அது அதிகம்.

அமெரிக்காவில் ஜெயித்தாரா இல்லையா?

விருதில் ஜெயித்தார், சந்தையில் இல்லை. 2008 செப்டம்பரில் எம்டிவியின் சிறந்த புதுக் கலைஞர் விருது. போட்டியில் இருந்தவர்கள் யார் தெரியுமா? டெய்லர் ஸ்விஃப்ட், கேட்டி பெர்ரி, மைலி சைரஸ், ஜார்டின் ஸ்பார்க்ஸ். ஒரு ஜெர்மன் குழுவுக்கு அந்த விருது விழாவில் அதுவே முதல் பரிசு. ஆங்கில ஆல்பமும் போட்டார்கள், 2009-இல் 'ஹியூமனாய்ட்' ஆல்பத்தை இரண்டு மொழியிலும் கொண்டுவந்தார்கள். எனக்கு ஆங்கிலத்தில் பாடும் பில் கொஞ்சம் அந்நியம்தான். ஜெர்மனின் கரடுமுரடான மெய்யெழுத்துகளில் உரசிக்கொண்டு வருவதுதான் அந்தக் குரலின் ருசி.

2010-இல் இரட்டையர்கள் லாஸ் ஏஞ்சலிஸ் போய்விட்டார்கள். வாய்ப்புத் தேடி அல்ல. பின்தொடர்ந்து துன்புறுத்தியவர்கள், வீட்டில் திருட்டு என்று ஜெர்மனியில் இருக்க முடியாத நிலை. அடுத்த ஆல்பம் 2014-இல்தான்.

அதே காலத்தில் லாஃபே என்று ஒரு பெண் பாடினாரே, அவர்?

இயற்பெயர் கிறிஸ்டினா க்ளைன், ஊர் ஆகன் நகரத்துப் பக்கம் ஸ்டோல்பெர்க். பில்லைவிட ஒரு வயது இளையவர். 2006-இல் பதினைந்து வயதில் 'வீருஸ்' பாட்டோடு வந்தார். முதல் இரண்டு ஆல்பங்களும் ஜெர்மனியில் முதலிடம். பாடும் வேகத்தில் பில்லுக்குச் சற்றும் குறைந்தவர் இல்லை. ஆனால் தயாரிப்பாளர்கள் பெரியவர்கள், பெயரும் படமும் அவர் ஒருவர். இருபது வயதை நெருங்கும்போது அந்த அலை வடிந்துவிட்டது. இன்னொரு முறை கேட்கப்பட வேண்டியவர் என்றே நினைக்கிறேன்.

இப்போது என்ன செய்கிறார் பில்?

குழு இருக்கிறது, கச்சேரி நடக்கிறது. 2021-இல் தன் முதல் முப்பது வருடங்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். டோமோடு சேர்ந்து பாட்காஸ்ட், 2023-இல் 'வாய்ஸ் ஆஃப் ஜெர்மனி' நிகழ்ச்சியில் நடுவர் நாற்காலி, 2024-இல் நெட்ஃபிளிக்ஸ் தொடர். போட்டியில் தோற்ற பையன் போட்டிக்கு நடுவர். அதை மட்டும் ரசித்துப் பார்த்தேன்.

ஜெர்மன் தெரியாமல் எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது?

'டுர்ஷ் டென் மொன்சூன்' 2005 பதிவைக் கேளுங்கள். பதினைந்து வருடம் கழித்து 2020-இல் அதையே திரும்பப் பாடிப் பதிந்தார்கள். முதலாவது முடிந்ததும் இடைவெளி விடாமல் அதைப் போடுங்கள். ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டால் நல்லது. வெளியே மழை பெய்தால் இன்னும் நல்லது.