கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதுமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்துகிறேன். வரவேற்பறை, கணக்கு அறை, என் அறை என மூன்று கணினிகள் ஒரே வலையமைப்பில் உள்ளன. மூன்றிலும் ஒரே ஜிமெயில் கணக்குத்தான். கடவுச்சொல் எல்லோருக்கும் தெரியும். அண்மையில் ஓர் ஊழியர் விலகிவிட்டார். கடவுச்சொல்லை மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. மாற்றத்தான் வேண்டும், அத்தோடு அமைப்புகளுக்குள் போய், வரும் மின்னஞ்சல்கள் வேறு முகவரிக்குத் தாமாகவே போகும்படி யாரேனும் செய்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வடிகட்டிகளையும் (வரும் அஞ்சலைத் தாமாகவே பிரிக்கும், அழிக்கும், வேறிடம் அனுப்பும் விதிகள்) ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். கடவுச்சொல் மாறினாலும் இவை அப்படியே இருக்கும். கணக்கை மீட்பதற்கான தொலைபேசி இலக்கம் உங்களுடையதுதானா என்பதும் முக்கியம்.

அடுத்து, புதிய கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள். ஜிமெயில் அமைப்புகளில் கணக்குகள் பகுதியில், உங்கள் அஞ்சல் பெட்டியைக் கையாளப் பிறருக்கு அனுமதி தரலாம். சாதாரணக் கணக்கென்றால் 10 பேர் வரை சேர்க்கலாம். ஊழியர் தமது சொந்த ஜிமெயில் கணக்கில் நுழைந்து, அங்கிருந்தே விடுதியின் அஞ்சலைப் படித்துப் பதில் எழுதுவார். உங்கள் கடவுச்சொல்லை அவரால் மாற்ற முடியாது. ஆனால் அஞ்சலை அழிக்க அவரால் முடியும், ஆகவே நம்பிக்கையானவர்களையே சேருங்கள். ஒருவர் விலகினால் அவர் பெயரை நீக்கினால் முடிந்தது. மற்றவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை.

இரண்டு படிச் சரிபார்ப்பையும் (கடவுச்சொல்லோடு உங்கள் தொலைபேசிக்கு வரும் இலக்கத்தையும் கேட்கும் முறை) இப்போது தயக்கமின்றிப் போடலாம். எல்லோரும் ஒரே கடவுச்சொல்லில் நுழைந்தால், நீங்கள் கோணேசர் கோயிலில் கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போது "ஐயா, இலக்கம் வந்ததா?" என்று வரவேற்பறையிலிருந்து அழைப்பு வரும். பலர் அதை நிறுத்தி வைப்பதே இந்த எரிச்சலால்தான்.

கணினிகளில் ஒவ்வோர் ஊழியருக்கும் தனித்தனி விண்டோஸ் பயனர் கணக்கு வையுங்கள். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை, அந்தக் கணினியின் 'பின்' (PIN) இலக்கம் தெரிந்த எவரும் பார்த்துவிடலாம். மேசையை விட்டு எழும்போது விண்டோஸ் விசையோடு 'எல்' விசையை அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும்.

விருந்தினர் வைஃபை வழியாக அஞ்சலை எட்டிப் பார்ப்பார்கள் என்று பலரும் பயப்படுகிறார்கள். ஜிமெயில் குறியாக்கம் செய்யப்பட்டே, அதாவது இடையில் பிறர் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டே பயணிக்கிறது, அந்தக் கவலை வேண்டாம். விருந்தினரும் அதே வலையமைப்பில் இருந்தால் திறந்து பார்க்கக்கூடிய பகிர்ந்த கோப்புறைகளைத்தான் கவனிக்க வேண்டும். வெளிநாட்டவர் அனுப்பிய கடவுச்சீட்டுப் பிரதிகள் அஞ்சலிலிருந்து இறக்கப்பட்டு அங்கே கிடக்கும். மே மாதம் பருவகாலம் தொடங்கி ஆட்கள் குவியுமுன், ரவுட்டரில் விருந்தினர் வலையமைப்பைத் தனியே பிரித்துவிடுங்கள்.