காசு கட்டி பேஸ்புக், இன்ஸ்டாகிராம்ல விளம்பரம் போட்டா நெசமாவே யாவாரம் ஆகுதா?

ஆகும், ஆனா அவங்க காட்டுத கணக்க அப்படியே நம்பிறாதீங்க. நாங்க பாளையங்கோட்டைல சின்னதா கருப்பட்டி யாவாரம் பாக்கோம், சரக்கு உடன்குடி பக்கம் அத்தை வீட்டு வழியா வருது, வெளியூருக்கு கூரியர்ல அனுப்புதோம். ரெண்டு சீசனா கையச் சுட்டுக்கிட்ட கதைய சொல்லுதேன்.

மொதல்ல எல்லாரும் செய்யுத மாதிரி போஸ்ட்டுக்கு கீழ இருக்க பூஸ்ட் பொத்தான அமுக்கினேன், காசு கட்டுனா அந்த போஸ்ட்ட நெறய பேருக்கு காட்டுவான். 2000 ரூவா, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, மொத்தம் 2360. தொள்ளாயிரம் லைக்கு, "ப்ரைஸ் ப்ளீஸ்", "எங்க ஆச்சி போடுத சுக்கு காப்பி ஞாபகம் வந்துட்டு"ன்னு கமெண்டு வேற. ஆர்டர் ரெண்டே ரெண்டு. பொறவுதான் வெளங்கிச்சு, நான் லைக்கு வேணும்னு கேட்ட மாதிரிதான் செட்டிங் இருந்துருக்கு, பேஸ்புக்காரனும் லைக்கு போடுத கூட்டமா பாத்து காட்டிருக்கான், வாங்குதவன எங்க போயி தேடுவான்.

அடுத்து ஆட்ஸ் மேனேஜர்ல, அதான் பேஸ்புக்கோட விளம்பரம் போடுத பக்கத்துல போயி, அமுக்கினா நேரா வாட்ஸ்ஆப்புக்கு வாரமாதிரி விளம்பரம், நாளைக்கு 300 வீதம் பத்து நாள், வரியோட 3540. 71 பேர் பேசினாங்க, வாங்கினது 9 பேர். மைனிதான் போன் பாக்குதாவ, ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தன் "கிலோ என்ன"ன்னு கேட்டுட்டு வெலைய சொன்னதும் ஆளே இல்ல, இப்படி எத்தனை பேரு! ஆனா பேஸ்புக், இன்ஸ்டாகிராம நடத்துத மெட்டா கம்பெனி கணக்குல அந்த 71ம் வெற்றிதான், துட்டு ஜிபேல வந்துச்சா இல்லையான்னு அவனுக்கு எப்படி தெரியும், நாம சொன்னாத்தானே.

மூணாவது தடவ வெலைய விளம்பரத்துலயே எழுதிட்டேன், அத்தை கருப்பட்டிய ஒடச்சு காட்டுத வீடியோவும் போட்டேன். உடன்குடி கருப்பட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சத பெருசா போட்டிருந்தேன், அதப்பத்தி ஒருத்தர்கூட வாய தொறக்கல, "சீனி கலந்ததா?"ன்னு மட்டும் எல்லாரும் கேக்காங்க. அதே 3540க்கு பேசினது 38 பேர், ஆர்டர் 17.

சந்தோசப்பட்டேன். மைனி நோட்டப் பாத்துட்டு, இதுல அஞ்சு பேரு ஏற்கெனவே நம்மகிட்ட வாங்குத ஆளுக, நம்பர் இருந்தும் விளம்பரத்த அமுக்கி வந்திருக்காங்கன்னு சொல்லிட்டாவ. ஆன்லைன்ல யாவாரம் பாக்குத ஈபே கம்பெனியே கூகுள் தேடல்ல தன் பேருக்கு குடுத்த விளம்பரத்த நிறுத்திப் பாத்துச்சாம், வாரவன் காசு கட்டாம தேடல்ல வருத சாதா லிங்க அமுக்கி வந்துட்டேதான் இருந்தானாம், அந்த ஆராய்ச்சி 2015ல எகனாமெட்ரிகாங்குற பொருளாதார ஆய்விதழ்ல வந்துச்சு. எங்க வீட்டுல அத மைனி ஒரு நோட்டவச்சு கண்டுபிடிச்சிட்டாவ.

அப்போ புதுசு 12 பேருதான். ஒரு ஆர்டருக்கு எங்களுக்கு சராசரியா 200 ரூவா நிக்கும், 2400 வந்துச்சு, போட்டது 3540, 1140 நட்டம். ஆனா அந்த 12ல அஞ்சு பேரு மறுமாசமே விளம்பரம் இல்லாம கேட்டு வாங்கினாங்க, அதுல ஒரு ஆயிரம் திரும்பிட்டு, அவங்க மூணாந்தடவ வாங்குதப்பதான் லாபமே. அதனால ஒருதடவையோட முடிஞ்சு போற சாமான்னா ரொம்ப யோசிச்சு எறங்குங்க, மாசாமாசம் தீர்ற சாமான்னா துணிஞ்சு சின்னதா போட்டுப் பாக்கலாம்.

கேஷ் ஆன் டெலிவரி மட்டும் குடுத்துறாதீங்க, நாலு பார்சல் திரும்பி வந்துச்சு, கருப்பட்டி வழியிலேயே கசிஞ்சு அட்டைப்பெட்டி பூரா எறும்பு.

இப்போ பதனி சீசன் முடியப்போகுது, இருக்க சரக்கு பழைய ஆளுகளுக்கே சரியாப் போயிரும். அதனால விளம்பரத்த நிறுத்தி வச்சிருக்கேன், அடுத்த பங்குனிலதான் திரும்ப போடணும்.