மகள் ‘எழவு வீடு’ விளையாடுகிறாள், பயப்பட வேண்டுமா?

கேள்வி: இலங்கையில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். மகளுக்கு ஐந்து வயது. பத்து நாளைக்கு முன் என் மாமனார் வீட்டிலேயே இறந்துவிட்டார். பெட்டி இரண்டு நாள் வீட்டில் இருந்தது. பிள்ளை எல்லாவற்றையும் பார்த்தாள். “தாத்தா தூங்குறாரு” என்று சொல்லி வைத்தோம். இப்போது பொம்மையை அட்டைப் பெட்டியில் படுக்க வைத்து, பிஸ்கட் டின்னில் தப்பு அடித்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை அழச் சொல்லி விளையாடுகிறாள். இரவில் தூங்க மாட்டேன் என்கிறாள், படுக்கையை நனைக்கிறாள். முனி அடித்திருக்கும் என்கிறார் மாமியார். இதற்கிடையில் கொழுந்தனாரின் போனில் ஏதோ கெட்ட வீடியோவையும் பார்த்துவிட்டாள். பிள்ளையின் மனசு கெட்டுப்போகுமா? கருமாதிக்கு அவளைக் கூட்டிப் போகலாமா?

பதில்: முதலில், அந்த டின்னைப் பறிக்காதீர்கள். எழவு வீட்டில் பெரியவர்கள் நடந்ததைத் திரும்பத் திரும்பப் பேசித்தான் ஆறுகிறோம். ஐந்து வயதில் அந்த அளவுக்குப் பேச்சு வராது, விளையாடித்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாள் பொம்மை செத்துப்போகும், மறுநாள் எழுந்து ரொட்டி சாப்பிடும், அதற்கு மறுநாள் டாக்டர் வருவார். இப்படிக் கதை மாறிக்கொண்டிருந்தால் நல்லது. ஒரே காட்சியை, சிரிப்பே இல்லாமல், வாரக்கணக்கில் நிறுத்த முடியாமல் செய்தால்தான் கவனிக்க வேண்டும்.

தூங்க மறுப்பதற்கு முனி வரை போக வேண்டாம். தாத்தா தூங்கினார், பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். அப்படியானால் நான் தூங்கினால்? அவள் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, நாம் கொடுத்த சேதிதான் பிழை. மடியில் வைத்துக்கொண்டு நேராகச் சொல்லுங்கள்: “தாத்தா செத்துப்போயிட்டாரு. அவரோட உடம்பு வேலை செய்யாமப் போயிருச்சு. மூச்சு விடமாட்டாரு, பசிக்காது, வலிக்காது, குளிராது. திரும்பி வரமாட்டாரு. நாம தூங்குறது வேற, காலையில எழும்பிருவோம்.” குளிராது என்பதை விட்டுவிடாதீர்கள். நம் ஊர்க் குளிரில், மண்ணுக்குள் தாத்தாவுக்குக் கம்பளி இல்லையே என்று கவலைப்படும் பிள்ளைகள் உண்டு. சாமியிடம் போய்விட்டார் என்பது உங்கள் நம்பிக்கையானால் அதையும் சேர்த்துச் சொல்லலாம். ஆனால் சாமி கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று மட்டும் சொன்னால், அடுத்தது யாரை என்ற பயம் வரும்.

நாளைக்கும் “தாத்தா எப்ப வருவாரு?” என்று கேட்பாள். சாவு என்பது திரும்பாதது, எல்லோருக்கும் வருவது என்பது பொதுவாக ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் மெல்லப் பிடிபடுகிறது. அதுவரை அதே பதிலைச் சலிக்காமல் சொல்ல வேண்டியதுதான். இன்னொன்று, தான் குழப்படி செய்ததால்தான் தாத்தா செத்தார் என்று இந்த வயதுப் பிள்ளைகள் நினைப்பதுண்டு. அவள் கேட்காவிட்டாலும், “நீ செஞ்ச எதனாலயும் இல்ல” என்று சொல்லிவிடுங்கள்.

மாமியார் திருநீறு பூசட்டும், நூல் கட்டட்டும், அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. பிள்ளை காது கேட்க “தாத்தா புடிச்சிருக்காரு” என்று பேசுவதைத்தான் நிறுத்த வேண்டும். படுக்கை நனைப்பது ஐந்து வயதில் சாதாரணமாகவே பல பிள்ளைகளிடம் இருக்கிறது. நின்றிருந்தது மறுபடி ஆரம்பித்தால் பயமும் காரணமாகலாம், சிறுநீர்த் தொற்றும் காரணமாகலாம். ஒருமுறை சிறுநீர் பரிசோதித்துவிடுங்கள். கூடவே அதிகத் தாகமும் உடம்பு மெலிவதும் இருந்தால், அன்றைக்கே இரத்தத்தில் சீனியும் பார்க்க வேண்டும்.

கருமாதிக்கு, வர விருப்பமா என்று அவளிடமே கேட்டுவிட்டுக் கூட்டிப் போங்கள். அங்கே என்ன நடக்கும், யார் யார் அழுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வேறு வேலை இல்லாத ஒருவர் அவள் பக்கத்தில் இருக்கட்டும், போதும் என்றால் வெளியே கூட்டிவர.

இனி அந்த வீடியோ. தற்செயலாக ஒருமுறை பார்த்ததால் மனசு கெட்டுப்போகாது. இந்த வயதுப் பிள்ளைக்கு அது பெரும்பாலும் யாரோ யாரையோ அடிப்பது போலத்தான் தெரியும், பயப்படுவாள் அல்லது குழம்புவாள். சத்தம் போடாமல் கேளுங்கள்: என்ன பார்த்தாய், எப்படி இருந்தது, யார் காட்டினார்கள்? “அது பெரியவங்க வீடியோ. உன் மேல பிழை இல்ல. இனி அப்படி ஏதாச்சும் வந்தா அம்மாகிட்ட கொண்டு வா” என்றால் போதும். கொழுந்தனாரின் போனுக்கு ஒரு லொக் போடச் சொல்லுங்கள். அவளாக எடுத்துப் பார்த்தாளா, யாராவது வேண்டுமென்றே காட்டினார்களா என்பதுதான் முக்கியம். வேண்டுமென்றே காட்டியிருந்தால் அது துஷ்பிரயோகம், காட்டியவர் என்ன முறை ஆனாலும் சரி.

நீங்கள் கேட்காத ஒன்று. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், ஒரே அறையில், அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் படுக்கிறீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அப்படிக் கட்டியதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. ஒரு திரை போடுங்கள், பிள்ளை நன்றாகத் தூங்கிய பிறகு நீங்கள் இருவரும் சேர்ந்திருங்கள். எப்போதாவது விழித்துப் பார்த்துவிட்டால் அதட்ட வேண்டாம். “அப்பா அம்மாவை அடிக்கல, பெரியவங்க அன்பா இருக்கறது” என்றால் அவளுக்குப் போதும். பிள்ளைகள் தங்கள் உடம்பைத் தொட்டுப் பார்ப்பதும், ஒத்த வயதுப் பிள்ளையோடு சிரித்துக்கொண்டே டாக்டர் விளையாட்டு விளையாடுவதும் சாதாரணம். பெரியவர்களின் உடலுறவை அப்படியே செய்து காட்டுவது, இன்னொரு பிள்ளையைக் கட்டாயப்படுத்துவது, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு ஒதுங்குவது, “சொல்லக்கூடாதாம்” என்பது, கீழே வலி அல்லது இரத்தம், இதில் எது இருந்தாலும் தாமதிக்காதீர்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

என்னைக் கேட்டால், பெட்டியில் தாத்தாவைப் பார்த்ததை விட, சம்பள நாளில் குடித்துவிட்டு வீட்டில் நடக்கும் அடிதடிதான் பிள்ளைக்குப் பெரிய கேடு. சாவு ஒரு நாள் நடந்து முடிந்தது. அடி எப்போது வரும் என்று தெரியாமல் காதைத் தீட்டிக்கொண்டே வளரும் பிள்ளைக்குத் தூக்கமும் படிப்பும் சேர்ந்தே போகும். உங்கள் வீட்டில் அது இல்லையென்றால் நல்லது. இருந்தால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

டீவியும் அப்படித்தான். 2014இல் கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தபோதும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் அதே காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஒவ்வொரு முறை போடும்போதும் இன்னொரு மலை சரிகிறது என்றே சின்னப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். பெரியவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம்.

சாப்பாடு, தூக்கம், முன்பள்ளி எல்லாம் மெல்ல வழமைக்கு வந்தால் வேறு ஒன்றும் தேவையில்லை. ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவும் பயமும் குறையாவிட்டால், தோட்டத்து வைத்தியசாலையில் ஒரு துண்டு (அனுப்பும் சீட்டு) வாங்கிக்கொண்டு மாவட்ட வைத்தியசாலைக்குப் போங்கள். மனநலப் பிரிவுக்கு அனுப்பினாலும் யாரும் பைத்தியம் என்று எழுதிவிட மாட்டார்கள். அங்கே பிள்ளையை நம்பிக்கையான ஒருவரோடு வெளியே இருக்கச் சொல்லிவிட்டு முதலில் நீங்கள் தனியாகப் பேசுங்கள். அவள் முன்னால் வைத்து, “இவ படுக்கைய நனைக்கிறா டாக்டர்” என்று ஆரம்பிக்க வேண்டாம்.