கெம்-இ-கார் பாடம் எடுக்கலாமா? டெக்சாஸுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, தாராளமாக எடுங்கள்.

கெமிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறீர்கள். கெம்-இ-கார் என்று, வேதிவினையில் ஓடும் குட்டிக் காரைக் குழுவாகச் செய்யும் ஒரு கிரெடிட் பாடம் இருக்கிறது, தேர்வு கிடையாது. ஊரில் ஸ்க்ரூ டிரைவர்கூடப் பிடித்ததில்லை, ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) அடிவாங்குமா, விசாவுக்குச் சிக்கல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விசா விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கிரெடிட்டுக்குப் படிக்கும் பாடம் வேலை ஆகாது. வளாக வேலைக்கு உள்ள வாரம் 20 மணி நேர வரம்பில் இது சேராது. ஆனால் எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இளநிலை படிப்பவர் செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்குக் குறையக் கூடாது. ஆகவே இதை நடுவில் கைவிடுவதாக இருந்தால் மொத்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இனி கார். அமெரிக்க கெமிக்கல் இன்ஜினியர்கள் கழகம் 1999 முதல் நடத்தும் கெம்-இ-கார் போட்டியை ஒட்டித்தான் கல்லூரிகள் இந்தப் பாடத்தை வைக்கின்றன. கார் ஷூ பெட்டி அளவுதான். வேகத்துக்குப் பரிசில்லை, சொன்ன இடத்தில் நிற்பதற்குத்தான் பரிசு. வழக்கமான விதிப்படி தூரம் 15 முதல் 30 மீட்டருக்குள் ஏதோ ஒன்று, சுமை 500 மில்லி வரை தண்ணீர். இரண்டும் போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்புதான் தெரியும். பிரேக் கூடாது, ரிமோட் கூடாது. ஓடுவதும் நிற்பதும் வேதிவினையால்தான்.

நிறுத்துவதற்குப் பல குழுக்கள் அயோடின் கடிகார வினையைப் பிடித்துக்கொள்ளும். அயோடைடு, தயோசல்பேட், ஸ்டார்ச் கலந்த கரைசலில் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேரும். உருவாகும் அயோடினைத் தயோசல்பேட் விழுங்கிக்கொண்டே இருக்கும்வரை குப்பி தெளிந்த தண்ணீராகவே தெரியும். அது தீர்ந்த கணத்தில் சட்டென்று கருநீலம். ஒரு பக்கம் எல்இடி, மறுபக்கம் ஒளி உணரி. வெளிச்சம் மறைந்ததும் ரிலே என்ற மின்சுவிட்ச் மோட்டாரை அணைத்துவிடும். நான் இங்கே முதுகலை படித்தபோது இப்படி ஒரு குழுவுக்கு டீச்சிங் அசிஸ்டென்டாக இருந்தேன். அந்தக் கருநீலத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கத்துவதைக் கேட்டால், வினைவேகவியலை யாரும் கரும்பலகையில் நடத்தவே கூடாது என்று தோன்றும்.

உண்மையான பாடு அதற்கப்புறம்தான். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஏசி ஆய்வகத்தில் அளந்து வைத்த கணக்கு, விளையாட்டரங்கின் புழுக்கத்தில் கவிழ்ந்துவிடும். ஸ்டார்ச் பழசானால் நிறம் மங்கும். குப்பியைச் சரியாகக் கலக்கவில்லை என்றால் நேரம் ஒவ்வொரு தடவையும் மாறும். சக்கரம் துளி சாய்ந்திருந்தால் கார் ஓரம் கட்டிவிடும். அதனால் எவ்வளவு தயோசல்பேட்டுக்கு எத்தனை வினாடி, எத்தனை மீட்டர் என்று ஆளில்லாத காரிடாரில் ஓட்டி ஓட்டி அட்டவணை போடுவீர்கள். ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பதை யூடியூபும் சக மாணவர்களும் ஒரே வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இந்தப் பொறுமைக்குத்தான் செமஸ்டர் முழுக்கவும் தேவைப்படும்.

பாதுகாப்புப் படிவங்களைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு ரசாயனமும் கொட்டினால் என்ன செய்வது, பேட்டரி சூடானால் யார் என்ன செய்வது, கழிவு எங்கே போகும் என்று எல்லாவற்றையும் எழுதி ஒப்புதல் வாங்கினால்தான் ஆய்வகக் கதவு திறக்கும். நான் இப்போது ஹியூஸ்டன் பக்கம் ஒரு ஆலையில் இருக்கிறேன். ஒரு வால்வை மாற்றுவதானாலும் இதே மாதிரிப் படிவம்தான், இன்னும் தடிமனாக. புதிதாக வருகிறவர்களில் யார் இதை ஏற்கெனவே செய்தவர் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

குழு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உஷாராக இருங்கள். நம் ஊர்ப் பிள்ளை என்றதும் எக்செல்லையும் ரிப்போர்ட்டையும் உங்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள். கணக்கு நமக்குச் சுலபம் என்பதால் நாமும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம். வாங்காதீர்கள். அல்லது வாங்கிக்கொண்டு, “சாலிடரிங் நானும் செய்கிறேன், முதல் தடவை, பக்கத்தில் இரு” என்று சொல்லிவிடுங்கள். தெரியாது என்று சொல்வதை இங்கே யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. பேசாமல் இருப்பதைத்தான் ஆர்வமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். பல கல்லூரிகளில் குழுவினரே ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடுவார்கள். அதனால் ஜிபிஏ அடிவாங்கினால் இந்த மௌனத்தால்தான் அடிவாங்கும். பேராசிரியர் சொன்னதில் சந்தேகம் இருந்தால், மாணவர்களைச் சந்திக்க அவர் ஒதுக்கும் ஆபீஸ் ஹவர்ஸில் போய்க் கேளுங்கள். மரியாதைக் குறைவாக நினைக்க மாட்டார்.

இன்டர்ன்ஷிப் நேர்காணலில் “குழுவில் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தாய்?” என்று பெரும்பாலும் கேட்பார்கள். பாடப்புத்தகத்தை மட்டும் படித்தவர் அந்த இடத்தில் திணறுவார். உங்களுக்கோ சக்கரச் சண்டையும் ஸ்டார்ச் சண்டையும் கையிருப்பில் இருக்கும்.

போட்டிக்கு வெளிமாநிலம் போக நேர்ந்தால் பாஸ்போர்ட்டும், கல்லூரி கொடுத்த ஐ-20 படிவமும் கையில் இருக்கட்டும். முதல் நாள் ஆய்வகத்துக்கு முழுக்கால் பேன்ட், மூடிய ஷூ. செருப்போடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சைவம் என்றால் குழு பீட்சா ஆர்டர் செய்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், இறைச்சி போட்ட பெப்பரோனி வந்தபிறகு சொல்லிப் பயனில்லை.