புதிருக்கு மாதச் சந்தா எதற்கு?

கேள்வி: டிசம்பரில் வரும் அட்வென்ட் ஆஃப் கோட் என்ற நிரல் புதிர்களைப் பைத்தான் மொழியில் போட்டுப் பழகுகிறேன். நாளுக்கு ஒரு நிரல், அதற்கொரு உள்ளீட்டுக் கோப்பு, சோதனைக்கு இன்னொன்று என்று ஃபோல்டரே குப்பையாகிவிட்டது. எல்லாவற்றையும் அடுக்கி, ஓட்டியும் தருகிறோம், மாதம் 299 ரூபாய் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். என் செஷன் குக்கியை, அதாவது புதிர்த் தளத்தில் நான் உள்நுழைந்திருப்பதைக் காட்டும் குறியீட்டை, அவர்கள் தளத்தில் ஒட்டச் சொல்கிறார்கள். வாங்கலாமா? — கல்லூரி மாணவர், கோவை

பதில்: வேண்டாம். 299 ரூபாயைவிட அந்தக் குக்கிதான் என்னை உறுத்துகிறது.

இந்தப் போட்டியில் ஒவ்வொருவருக்கும் உள்ளீடு, அதாவது நிரலுக்குக் கொடுக்கும் தரவு, வேறு. நீங்கள் யார் என்று புதிர்த் தளத்துக்குச் சொல்வது அந்தக் குக்கிதான். நிரல்களை ஏற்றிவைக்கும் கிட்ஹப் தளத்தின் கணக்கால் நீங்கள் நுழைந்திருந்தாலும், அந்தக் கடவுச்சொல் அதில் இல்லை, சரி. ஆனால் உங்கள் உள்ளீட்டை எடுக்கவும், உங்கள் பெயரில் விடை அனுப்பவும் அது போதும். வீட்டுச் சாவியைத் தெரியாத ஆளிடம் கொடுப்பீர்களா?

நீங்கள் கேட்கும் வேலையை இலவசமாகவே செய்யும் லைப்ரரி (தயாராக எழுதிவைத்த நிரல் தொகுப்பு) இருக்கிறது. பைத்தானுக்கு அட்வென்ட்-ஆஃப்-கோட்-டேட்டா, சுருக்கமாக ஏஓசிடி என்பார்கள். பைத்தானின் நிறுவல் கருவியான பிப்பில் நிறுவி, குக்கியை உங்கள் கணினியிலேயே ஒரு சூழல் மாறியாக (நிரலுக்கு வெளியே கணினி நினைவில் வைத்திருக்கும் மதிப்பாக) வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நிரலின் தலையில் ஒரு இம்போர்ட் வரி போதும்: கோப்பின் பெயரிலிருந்தே எந்த நாள் என்று ஊகித்து உள்ளீட்டை எடுத்துவந்துவிடும். ஒருமுறை எடுத்ததைக் கணினியில் சேமித்துக்கொள்வதால், நிரலை நூறு முறை ஓட்டினாலும் தளத்தைத் தட்டாது. விடையையும் அதன் வழியாகவே அனுப்பலாம். ரஸ்ட் மொழியில் எழுதுபவர்களுக்கு இதே போல கார்கோ-ஏஓசி உண்டு.

வேறு எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தச் சேமிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புதிர்களை உருவாக்கும் எரிக் வாஸ்டல், தானியங்கி நிரல்கள் தளத்தைச் சும்மா சும்மா தட்டக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். உள்ளீடுகளைப் பொதுவில் போட வேண்டாம் என்பதும் அவர் வேண்டுகோள். ஆகவே கிட்ஹப்பில் ஏற்றும்போது நிரல் மட்டும் போகட்டும். உள்ளீட்டையும் குக்கியையும், ஏற்ற வேண்டாதவற்றைக் குறிக்கும் விலக்குப் பட்டியலில் (.gitignore) போட்டுவிடுங்கள். ஒரு வருடம் நானே குக்கியோடு சேர்த்து ஏற்றிவிட்டு, பாதி ராத்திரியில் பதறி எழுந்து அழித்திருக்கிறேன்.

இன்னொரு கணக்கு. 2015இல் தொடங்கியதிலிருந்து 25 நாள் நடந்த போட்டி, 2025இல் 12 நாளாகிவிட்டது. பழைய புதிர்கள் திறந்தேதான் இருக்கின்றன என்றாலும், புதிது வருவது அந்த 12 நாள்தான். அதற்கு மாதாமாதம் சந்தாவா?

நேரம் அளக்கும் வரைபடம், வண்ணப் பலகை என்று காட்டினால் மயங்காதீர்கள். ஒரு நாளின் நிரலை ஒரே கட்டளையில் ஓட்ட முடிகிறதா, புதிரிலேயே தந்திருக்கும் சின்ன உதாரணத்தை முதலில் சோதிக்க முடிகிறதா, இந்த இரண்டுதான் உங்களுக்கு வேண்டும். நம் ஊர் நேரத்துக்குக் காலை 10:30க்குப் புதிர் திறக்கும். முந்தின நாளே நிறுவி, பழைய புதிர் ஒன்றை ஓட்டிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.