இங்கிலாந்தில் பழைய ஃபர்னிச்சர் கடை: முதல் வருடம் சோபா வேண்டாம்

சகோதரி, கேள்வியைப் படித்தேன். கணவருக்கு ஸ்கில்டு வொர்க்கர் விசா, நீங்கள் டிபெண்டன்ட். இங்கிலாந்து வந்து ஆறேழு மாதம் ஆகிறது. 1950, 60களின் மரச்சாமான், விளக்கு, கண்ணாடி, பீங்கான் விற்கும் சின்னக் கடை போட ஆசை. கையில் ஐயாயிரம் பவுண்டு. சட்டப்படி முடியுமா, எதை வாங்குவது, எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் முதல் வருடம் மெத்தை வைத்த எதையும் தொடாதீர்கள். சோபா, ஈசி சேர், குஷன் வைத்த டைனிங் நாற்காலி எல்லாமே அதில் அடக்கம். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் பணத்தைத் தொலைக்கிறார்கள்.

முதலில் விசா. டிபெண்டன்ட் விசாவில் சுயதொழில் செய்யலாம். கணவரின் விசாவில் கூடாது. ஆகவே கடை உங்கள் பெயரில் இருந்தால் மட்டும் போதாது, வேலையும் உங்களுடையதாக இருக்க வேண்டும். இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை: மாணவர் விசாவில் ஆன்லைனில் வாங்கி விற்பதும் சுயதொழில்தான், கூடாது. கிராஜுவேட் விசாவுக்கு மாறிய பிறகு செய்துகொள்ளலாம். ஒரு வரி ஆண்டில் விற்பனை 1,000 பவுண்டைத் தாண்டினால், அந்த ஆண்டு முடிந்து வரும் அக்டோபர் 5-க்குள் வரித்துறையான எச்எம்ஆர்சி-யில் சோல் டிரேடராக (தனிநபர் வியாபாரியாக)ப் பதிய வேண்டும். வரி ஆண்டு முடிவது ஏப்ரல் 5.

இனி சோபா விஷயம். 1988-ல் வந்த ஃபர்னிச்சர் தீப்பாதுகாப்பு விதிகள் புதியவற்றுக்கு மட்டுமல்ல, வியாபாரமாக விற்கும் பழையவற்றுக்கும் பொருந்தும். 1950-க்கு முன் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால் விக்டோரியா காலத்து நாற்காலி விற்பவர் தப்பித்துவிடுகிறார், 1962-ல் செய்த டேனிஷ் நாற்காலி விற்கும் நாம் மாட்டிக்கொள்கிறோம். அந்தக் காலத்து நுரையும் துணியும் சிகரெட், தீக்குச்சிச் சோதனைகளை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. விதிப்படியான குஷனில் நிரந்தர லேபிள் தைத்திருக்கும். 60களின் அசல் குஷனில் அதைத் தேடிப் பயனில்லை. ‘அலங்காரத்துக்கு மட்டும்’ என்று சீட்டு எழுதிக் கட்டியிருப்பதைச் சில கடைகளில் பார்ப்பீர்கள். உட்காரக்கூடிய நாற்காலிக்கு அந்தச் சீட்டு எந்தப் பாதுகாப்பும் தராது. கவுன்சிலின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவான டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அதிகாரிகள் விற்பனையை நிறுத்தலாம், வழக்கு போட்டால் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். தன் வீட்டு சோபாவைத் தனியாள் ஒருவர் விற்பதற்கு இந்த விதி கிடையாது. ஆன்லைனில் அவை அடிமாட்டு விலைக்குக் கிடைப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அவர் விற்கலாம், அதையே நீங்கள் வாங்கி அப்படியே விற்க முடியாது.

மரச்சட்டம் அருமையாக இருக்கிறது, விட மனமில்லை என்றால் இரண்டு வழி. ஒன்று, குஷனைக் கழற்றிவிட்டு வெறும் சட்டமாக விற்பது. கழற்றியதைக் கண்ட இடத்தில் போட முடியாது. தீத்தடுப்பு ரசாயனம் கலந்திருக்கலாம் என்பதால் வீட்டு இருக்கை மெத்தைக் கழிவைத் தனியாகப் பிரித்து எரிக்க வேண்டும் என்பது 2023 முதல் நடைமுறை. கடைக்காரராகக் குப்பை மையத்துக்குக் கொண்டுபோனால் அதற்குக் கட்டணம் உண்டு. இரண்டாவது வழி, முழுதாகப் புதுப்பிப்பது. தீத்தடுப்பு நுரை வாங்குங்கள், விற்பவரிடம் எழுத்தில் சான்று கேளுங்கள். மேலே தீக்குச்சிச் சோதனையில் தேறிய துணி போட வேண்டும். பருத்தி, லினன், கம்பளி போன்றவை எடையில் 75 சதவீதத்துக்குக் குறையாத துணியானால், அதற்கும் நுரைக்கும் நடுவே விதிகளில் சொன்ன சோதனையில் தேறிய இன்டர்லைனர் (தீத்தடுப்பு உள்துணி) போட்டும் பயன்படுத்தலாம். பில், சான்று எல்லாவற்றையும் அந்தந்த நாற்காலிக்கென்று ஒரு கவரில் வையுங்கள், லேபிள் தைக்க மறக்காதீர்கள்.

குஷனுக்குக் கீழே அதைத் தாங்கி இருப்பது ரப்பர் வெப்பிங், அதாவது ரப்பர் பட்டை. அறுபது வருடத்தில் அது காய்ந்து வெடித்திருக்கும், விரலால் அழுத்தினால் பொடி உதிரும். 50 மி.மீ. அகலத்தில் புதிது வாங்கி, மரச்சட்டத்தின் ஒரு பள்ளத்திலிருந்து எதிர்ப் பள்ளம் வரை அளந்து, அதில் பத்து சதவீதம் குறைத்து வெட்டுங்கள். 55 செ.மீ. இடைவெளி என்றால் சுமார் 50 செ.மீ. பட்டை. இரு முனையிலும் இரும்பு கிளிப்பை வைஸில் வைத்து நசுக்கி, ஒரு பக்கம் பள்ளத்தில் மாட்டி, இழுத்து மறுபக்கம் மாட்ட வேண்டும். இதைவிடக் குட்டையாக வெட்டினால் இழுவை தாங்காமல் பள்ளத்தை ஒட்டியே மரம் பிளக்கும். அப்புறம் அந்த நாற்காலி விறகுதான். வாங்கும்போதே பள்ளத்தின் ஓரத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

மெத்தை இல்லாமல் என்ன விற்பது? நிறையவே இருக்கிறது. ஜி பிளான், நேதன், ஸ்காட்லாந்தின் மெக்கின்டோஷ் கம்பெனிகளின் சைட்போர்டுகள் (டிராயரும் கதவும் உள்ள நீளமான தாழ்ந்த அலமாரிகள்), காபி டேபிள், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மேசைகள், லேடராக்ஸ் சுவர் அலமாரி. மெத்தை இல்லாத எர்கோல் ஸ்டூல், மர நாற்காலி. கைக்கடக்கமானவற்றில் ஒயிட்ஃப்ரையர்ஸ் கண்ணாடி, ஹார்ன்சீ, போர்ட்மேரியன் பீங்கான், மேற்கு ஜெர்மனிப் பூக்குவளைகள். அவற்றில் ஷாய்ரிச் (Scheurich) கம்பெனிக் குவளையின் அடியில் 517-30 போல எண் அச்சாகியிருக்கும். முதல் பாதி மாடல், இரண்டாம் பாதி உயரம், சென்டிமீட்டரில். டேப்பை வைத்துப் பாருங்கள். உயரம் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் விளிம்பு உடைந்து தேய்க்கப்பட்டிருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சைட்போர்டு பார்க்கும்போது முன்பக்கம் கடைசி. முதலில் டிராயரை வெளியே எடுத்து முகர்ந்து பாருங்கள். ஈர வாடை எண்ணெயில் போகாது, சிகரெட் வாடை மாதக்கணக்கில் நிற்கும். உள்பக்கத்தில் முத்திரையோ லேபிளோ இருக்கிறதா? ஜி பிளானில் பழையவற்றுக்குத் தங்க நிற முத்திரை, பிந்தியவற்றுக்குச் சிவப்பு லேபிள். பிறகு முதுகுப் பக்கம். பிளைவுட்டில் 1 முதல் 2 மி.மீ. வரை வட்டத் துளைகள் இருந்தால் அது மரப்புழு. துளை மட்டும் பழையதாக இருக்கலாம். கீழே கறுப்புக் காகிதம் விரித்துத் தட்டிப் பாருங்கள், வெளிர் நிறத் தூள் விழுந்தால் புழு இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைக் கடைக்குள் கொண்டுவந்தால் மற்ற சரக்கையும் இழப்பீர்கள். கடைசியாக மேல்பரப்பின் ஓர வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு), கால் திருகும் இடம், நீளம். ஏழு அடி சைட்போர்டு அழகுதான், ஆனால் இங்குள்ள வரிசை வீடுகளின் ஒடுங்கிய நடைபாதையில் திரும்பாது. ஐந்தடியில் உள்ளது சீக்கிரம் நகரும்.

தேக்கு என்று விற்பதில் பெரும்பகுதி தேக்கு வெனீர், கனம் ஒரு மி.மீ. கூட இருக்காது. எலக்ட்ரிக் சாண்டர் வைத்தால் சில நொடியில் அடிமரம் தெரிந்துவிடும், திருத்தவே முடியாது. நான்கு பூஜ்ய எண் (0000) ஸ்டீல் வூலை, அதாவது மிக மெல்லிய இரும்பு நாரை, ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்து, ரேகை போகும் திசையிலேயே தேய்த்து, துணியால் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, டேனிஷ் ஆயில் மெல்லிசாக இரண்டு பூச்சு. பதினைந்து நிமிடம் கழித்து மிச்ச எண்ணெயைத் துடைக்காவிட்டால் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். வெள்ளை வளையம் பூச்சுக்குள் நின்ற ஈரம், பெரும்பாலும் இதிலேயே போகும். கறுப்பு வளையம் மரத்துக்குள் இறங்கிய கறை, ஆக்ஸாலிக் அமிலம் இல்லாமல் போகாது. விலையில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடவே போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

விளக்குகளில் பழைய வயரை அப்படியே விற்க வேண்டாம். பித்தளை உடம்பு, இரண்டு கம்பி வயர், எர்த் இல்லை என்பதுதான் அடிக்கடி கண்ணில் படுவது. மூன்று கம்பி 0.75 சதுர மி.மீ. வயர் போட்டு, உடம்பில் எர்த்தை இணைத்து, பிளக்கில் 3 ஆம்ப் ஃபியூஸ் வைத்து, எலக்ட்ரீஷியனிடம் சோதனை செய்து பதிவு வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கில் 13 ஆம்ப் ஃபியூஸை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்த மெல்லிய வயர் சூடேறும்போது அது உருகி அறுக்காது.

டேனிஷ் சரக்கில் இன்னொரு கண்ணி பிரேசில் ரோஸ்வுட். நம் ஈட்டி மரத்துக்கு இங்கே உள்நாட்டு விற்பனையில் தடையில்லை. பிரேசில் வகையோ 1992 முதல், அழியும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. 1947-க்குப் பிறகு செய்த பொருளானால் விற்பதற்கு முன்பே ஆர்டிக்கிள் 10 சான்றிதழ் வாங்க வேண்டும். ‘ரோஸ்வுட்’ என்று மட்டும் எழுதி ஏலத்தில் வந்தால் சான்றிதழ் எங்கே என்று கேளுங்கள். இல்லையென்றால் ஏலம் கேட்காதீர்கள்.

கொள்முதலுக்குக் கெம்ப்டன் பார்க், நியூவார்க், ஆர்டிங்லி சந்தைகள், ஊர் ஏலக்கூடங்கள், கார் பூட் விற்பனை (மக்கள் காரில் கொண்டுவந்து பழையதை விற்கும் சந்தை). ஏலத்தில் சுத்தியல் விழும் விலை உங்கள் விலை அல்ல. 200 பவுண்டுக்கு முடிந்தால், ஏலக்கூடம் வாங்குபவரிடம் எடுக்கும் 25 சதவீதக் கட்டணமான பையர்ஸ் பிரீமியம் 50, அதன் மேல் விற்பனை வரியான வாட் 10, மொத்தம் 260. ஆன்லைன் வழியாகக் கேட்டிருந்தால் அதற்கும் கட்டணம், பிறகு வேன் வாடகை. வீட்டைக் காலி செய்து தருகிறேன் என்று இறங்காதீர்கள். அடுத்தவர் வீட்டுக் கழிவை வண்டியில் ஏற்றிச் செல்ல வேஸ்ட் கேரியர் (கழிவு ஏற்றுபவர்) என்ற பதிவு வேண்டும். வேன் ஓட்ட ஊர் லைசென்ஸ் நீங்கள் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும், வாடகை நிறுவனங்கள் அதையும் பெரும்பாலும் ஏற்பதில்லை. டெஸ்டுக்கு இப்போதே பதியுங்கள்.

வாட் பதிவு வரம்பு 90,000 பவுண்டு. அது லாபம் அல்ல, மொத்த விற்பனை. அந்த எல்லைக்குப் போனால் மார்ஜின் ஸ்கீம் கைகொடுக்கும், விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் ஆறில் ஒரு பங்குதான் வாட். அதற்கு ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய தேதி, விலை, விற்றவர் பெயர் முகவரி உள்ள ஸ்டாக் புத்தகம் வேண்டும். வரம்பு தூரம்தான், ஆனால் புத்தகத்தை முதல் நாளே தொடங்குங்கள். பின்னால் உட்கார்ந்து எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆன்லைனில் விற்றால், பொருள் கைக்குப் போனதிலிருந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் வாங்கியவர் ரத்து செய்யலாம். இந்த உரிமையை நீங்கள் முன்கூட்டியே எழுத்தில் சொல்லாவிட்டால் கெடு 12 மாதம் வரை நீளும். திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் விற்கும்போதே எழுதிவிடுங்கள். சைட்போர்டுக்கு அது சின்னத் தொகை அல்ல. கடையில் ‘உள்ளபடியே விற்பனை’ என்று போர்டு மாட்டினாலும், சொல்லாத குறைக்கு நீங்கள்தான் பொறுப்பு. ஒவ்வொரு கீறலையும் படமெடுத்துப் போடுங்கள்.

ஐயாயிரத்தில் தனிக்கடை எடுக்காதீர்கள். ஆன்டீக் சென்டரில் ஒரு யூனிட் எடுங்கள், வாடகையும் விற்பனையில் கமிஷனும் வாங்கிக்கொண்டு கல்லாவை அவர்களே பார்ப்பார்கள். சரக்குக்கு இரண்டாயிரம், ஆறு மாத வாடகையும் இன்ஷூரன்ஸும் தனியாக, மிச்சம் கையிருப்பு. வாங்கிய விலையும் செலவும் சேர்த்து, விற்கும் விலையில் பாதிக்கு மேல் போகும் பொருளை விட்டுவிடுங்கள். பிறகு தனிக்கடை பார்க்கும்போது ரேட்டபிள் வேல்யூ (வரிக்காக அரசு கணக்கிடும் கட்டட மதிப்பு) 12,000 பவுண்டுக்குள் உள்ளதாகத் தேடுங்கள். வேறு கட்டடம் இல்லாதவரானால் இங்கிலாந்தில் பிசினஸ் ரேட்ஸ் என்ற கடை வரியில் முழு விலக்கு கிடைக்கும், ஆனால் கவுன்சிலிடம் கேட்டு வாங்க வேண்டும். லீஸில் பழுதுபார்ப்பு முழுவதும் வாடகைதாரர் தலையில் என்ற வாசகம் இருந்தால் கூரை ஒழுகலும் உங்கள் செலவு. அதையும், இடையில் வெளியேறும் பிரேக் கிளாஸ் இருக்கிறதா என்பதையும் கையெழுத்துக்கு முன் சொலிசிட்டரிடம் காட்டிக் கேளுங்கள்.