கை நடுங்குவதற்கு முன்

கேள்வி: எனக்கு 58 வயது. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு வீடு, கொஞ்சம் வங்கி வைப்பு, இரண்டு பிள்ளைகள். எல்லாக் கணக்குகளுக்கும் நாமினி போட்டிருக்கிறேன். உயில் எழுதுங்கள் என்று மனைவி நச்சரிக்கிறாள். பிள்ளைகள் ஒற்றுமையாகத்தானே இருக்கிறார்கள், இப்போது என்ன அவசரம்?

பதில்: மனைவி சொல்வதைக் கேளுங்கள். என்னிடம் வழக்கோடு வருகிற குடும்பங்களும் அதுவரை ஒற்றுமையாக இருந்தவைதான்!

உடம்புக்கு ஒன்றுமில்லை என்கிறீர்களே, உயில் எழுத அதுதான் நேரம். புரோபேட், அதாவது உயில் செல்லும் என்ற நீதிமன்றச் சான்று, கேட்டு நீதிமன்றம் போகும்போது எதிர்த்தரப்பு முதலில் கிளப்புவது, ‘கையெழுத்துப் போட்டபோது அவருக்குச் சுயநினைவு இருந்ததா?’ என்பதைத்தான். மருத்துவமனைக் கட்டிலில், ஒரு பிள்ளை மட்டும் பக்கத்தில் நிற்கப் போட்ட கையெழுத்து அங்கே படாதபாடு படும். திடமாக இருக்கும்போது, சொத்தில் பங்கு பெறாத இருவரைச் சாட்சி வைத்துப் போட்டதை அசைப்பது கடினம்.

எழுதிவிட்டால் மட்டும் போதுமா? அமெரிக்கப் பாடகி அரேதா ஃபிராங்க்ளின் 2018-ல் இறந்தபோது உயிலே இல்லை என்றுதான் நினைத்தார்கள். மறு ஆண்டு அவர் வீட்டில் கையால் எழுதிய தாள்கள் அகப்பட்டன. 2010-ல் எழுதியவை பூட்டிய அலமாரியில்; 2014-ல் எழுதியவை சோபா மெத்தைக்கு அடியில், ஒரு நோட்டுப் புத்தகத்தில். எது செல்லும் என்று மகன்களே எதிரெதிராக நின்றார்கள். சோபாவில் கிடைத்ததே செல்லும் என்று ஜூரி சொன்னது 2023-ல்.

நாமினி அந்தந்தக் கணக்கோடு சரி. வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பணம் நாமினிக்கே சொந்தமா, அவர் வாரிசுகளுக்காக வாங்கித் தருபவர்தானா என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். நாமினியும் உயிலும் வேறு வேறு பெயரைச் சொன்னால் வழக்குக்கு நீங்களே பிள்ளையார் சுழி போட்டதாக ஆகும்.

உயிலை நிறைவேற்றுபவராக உங்களைவிட இளையவர் ஒருவரை, அவர் சம்மதம் கேட்டு, நியமியுங்கள். அவரால் முடியாமல்போனால் யார் என்றும் எழுதுங்கள். ‘இதில் குறிப்பிடாத, இனிமேல் சேரும் சொத்துகள் இன்னாருக்கு’ என்ற வரி மிக முக்கியம். பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். முந்தைய உயில்கள் ரத்து என்றும் ஒரு வரி.

கையெழுத்துப் போட்ட அசல் உயில் எங்கே இருக்கிறது என்பது நிறைவேற்றுபவருக்குத் தெரிய வேண்டும். நகலை மட்டும் நீட்டினால், ‘அவரே மனம் மாறிக் கிழித்துப் போட்டிருப்பாரோ’ என்ற கேள்வி எழும். தயவுசெய்து உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் உள்ள வங்கிப் பெட்டகத்தில் அதை வைத்துப் பூட்டாதீர்கள். பெட்டகத்தைத் திறக்கவே உயில் எங்கே என்று கேட்பார்கள்.